முதலில் யாரிடம் போவாய்?

தாதியர் பரீட்சை வினாத்தாள்களிலே ஒருவகை வினா உண்டு. நான்கு நோயாளரைப் பற்றி நான்கு வரிகள் எழுதி, அப்பொழுதுதான் கடமையைப் பொறுப்பேற்ற தாதி அவர்களுள் முதலில் யாரிடம் செல்லவேண்டும் என்று கேட்டு, ஒரேயொருவரை மாத்திரம் விடையாக எதிர்பார்க்கும் அந்த வினாவை, பாடப் புத்தகத்தை வரிவரியாக மனனம் செய்து வந்த மாணவிகளுட் பலர் அநியாயமான வினா என்றே கருதுகிறார்கள். நால்வரும் நோயாளர், நால்வருக்கும் உபசரணை வேண்டும், நால்வரின் நோய்க்கும் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயம் இருக்கிறது. எந்த அத்தியாயத்தை முதலில் திறப்பது என்பதை மட்டும் எந்த அத்தியாயமும் சொல்வதில்லை. வாட்டுகளில் நெடுங்காலம் கடமை பார்த்து, பின்னர் தாதிய உபாத்தியாயராகவும் இருந்து ஓய்வுபெற்ற எனக்கோ, எங்கள் தொழிலின் சாரம் முழுவதும் அந்த ஒரு வினாவுக்குள் அடங்கியிருப்பதாகவே தோன்றுகிறது.

வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கி ஓமந்தையைக் கடந்து வருவோருக்கு, நெடுங்கேணிக்குப் பாதை பிரியும் சந்தியாக எங்கள் ஊரான புளியங்குளம் தென்படும். 1990-இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றுபோனதையும், 1997-இல் ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கையின் யுத்தம் ஊரின் நடுவே வந்து நின்றதையும், சனங்கள் இடம்பெயர்ந்து காடுகளிலும் அயலூர்களிலும் வாழ்ந்து பின்பு வெறும் நிலத்துக்குத் திரும்பியதையும் கண்ட ஊர் இது. இன்று ரயிலும் ஓடுகிறது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸும் வருகிறது. வவுனியாவிலேயே தாதியர் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. அங்கேயும் யாழ்ப்பாணத்திலும் படிக்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள், விடுமுறைக்கு வரும்போது பழைய வினாத்தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து, பின்னேரங்களில் என் வீட்டு விறாந்தையில் இருந்து பயிற்சி செய்வது வழக்கமாகிவிட்டது. கனகராயன்குளத்திலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு.

அவர்கள் வந்த ஆரம்பத்தில் என்ன செய்தார்கள் என்றால், வினாவை வாசித்து முடியுமுன்பே விடைகளின் மேல் கண்ணை ஓட்டி, பழகிய சொல் எதிலே இருக்கிறதோ அதற்கு அடையாளமிட்டு, உடனே தாளின் கடைசிப் பக்கத்திலுள்ள விடைப் பட்டியலைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். சரியென்றால் மகிழ்ச்சி, பிழையென்றால் சரியான எழுத்தை மனதில் பதித்துக்கொண்டு அடுத்த வினா. இவ்விதம் பயின்றால் பரீட்சையில் சித்தியடையலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோயாளி விடைகளைத் தன் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. ஆகையால் நான் முதலில் செய்த காரியம், விடைகளின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறைத்ததுதான். வினாவை மாத்திரம் வாசி. இந்த மனிதரிடத்தில் நீ கண்டது என்ன என்று சொல். அதனால் உனக்கு எதைப் பற்றிப் பயம் வருகிறது என்று சொல். அந்தப் பயம் மெய்யோ பொய்யோ என்று அறிய இன்னும் எதைப் பார்ப்பாய் என்று சொல். அதன்பிறகு தாளை எடு. எடுத்தபின்பும், சரியான விடை ஏன் சரி என்பதோடு நிறுத்தாமல், ஏனைய மூன்றும் எந்தச் சந்தர்ப்பத்தில் சரியாகியிருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு பின்னேரத்தில் ஐம்பது வினாக்களை முடித்துவந்த பிள்ளைகள், இந்த முறையில் நாலைந்து வினாக்களுக்கு மேல் நகரமுடியாமல் முதலில் சலித்துக்கொண்டார்கள். சலிப்பு நெடுநாள் நிற்கவில்லை.

இந்த முறை என் கண்டுபிடிப்பும் அன்று. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859-இல் தாதியம் பற்றி எழுதிய சிறு நூலிலேயே, நோயாளரை அவதானித்தல் என்பதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினார். 1984-இல் பற்றீசியா பென்னர் என்ற அமெரிக்கத் தாதியப் பேராசிரியை, கற்றுக்குட்டியிலிருந்து நிபுணத்துவம் வரை ஒரு தாதியின் பார்வை எவ்வாறு படிப்படியாக முதிர்கிறது என்பதை ஆராய்ந்து எழுதினார். 2006-இல் கிறிஸ்ரின் ரானர், அந்த முதிர்ச்சியின் நடைமுறையை அவதானித்தல், பொருள் உணர்தல், செயற்படுதல், செய்ததைச் சிந்தித்தல் என்று நான்கு நிலைகளாக வகுத்தார். அமெரிக்காவின் தாதியர் அனுமதிப் பரீட்சையே 2023 ஏப்ரலில் இந்த வழியிலே மாற்றியமைக்கப்பட்டு, ஒரே நோயாளியின் கதையை வளர்த்துக்கொண்டே போய், குறிகளைக் கண்டாயா, அவற்றை ஆராய்ந்தாயா, எது முதன்மை என்று தீர்மானித்தாயா, என்ன செய்யலாம் என்று யோசித்தாயா, எதைச் செய்தாய், செய்தது பலித்ததா என்று ஆறு படிகளில் கேட்கிறது. வெளிநாடு செல்ல உத்தேசித்திருக்கும் பிள்ளைகள் இந்தப் புதுமுறையைக் கண்டு கலங்கிய வேளையில், வெள்ளைத் தாளினால் மறைத்துப் படித்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

இனி ஒரு வினாவை அருகில் வைத்துப் பார்ப்போம். இது நானே எழுதிய வினா. சிறுவர் வாட்டு, அதிகாலைக் கடமை மாற்றம். முதற் கட்டிலில் ஏழு வயதுச் சிறுமி, காய்ச்சல் 39.6 பாகை செல்சியஸ், தாயைக் கேட்டு உரத்து அழுகிறாள். இரண்டாங் கட்டிலில் இரவு தொய்வுக்கு மருந்துப் புகை பிடித்த சிறுவன், இப்போது முழு வாக்கியமாகப் பேசுகிறான். மூன்றாங் கட்டிலில் நாளை வீடு செல்லவிருக்கும் பிள்ளை, பசிக்கிறது என்கிறான். நான்காங் கட்டிலில் டெங்குக் காய்ச்சலின் ஐந்தாம் நாளில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பையன், இரவோடு காய்ச்சல் தணிந்துவிட்டது, குருதி அமுக்கம் 95-க்கு 78, பாதம் குளிர்ந்திருக்கிறது, நள்ளிரவுக்குப் பின் சிறுநீர் கழிக்கவில்லை. தாய் சந்தோஷமாகச் சொல்கிறாள்: “காய்ச்சல் விட்டிட்டுது மிஸ்ஸி. இப்பதான் பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுறான்.”

அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் அழுகிற சிறுமியிடந்தான் முதலில் ஓடினார்கள். அது இரக்கத்தினால் விளைவது. இரக்கம் இல்லாதவள் தாதியாக முடியாது. ஆனாலும் உரத்து அழுகிற குழந்தையின் காற்றுவழி திறந்திருக்கிறது, மூச்சு இருக்கிறது, மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த அழுகையே அத்தாட்சி. நான்காங் கட்டிலிலோ அமைதி மாத்திரமே இருக்கிறது. டெங்கு நோயில் காய்ச்சல் இறங்குகிற அந்த நேரமே குருதியின் திரவம் குழாய்களிலிருந்து கசிந்து வெளியேறத் தொடங்கும் நேரமாகவும் பல தடவைகளில் அமைந்துவிடுகிறது. கசிவு ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை நீடிக்கும். உடம்பு தன் குழாய்களை இறுக்கிக்கொண்டு அமுக்கத்தின் மேல் அளவைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆகையால் 95 என்பதைக் கண்டு ஆறுதல் அடைகிறோம். இறுக்கியதனால் கீழ் அளவு உயர்ந்து, இரண்டுக்குமுள்ள இடைவெளி 17 ஆகச் சுருங்கியிருப்பதைக் கழித்துப் பார்ப்பவள்தான் அறிவாள். அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் அபாயம் வாசலில் நிற்கிறது என்று பொருள். நகத்தை அமுக்கி விட்டால் இரண்டு செக்கனுக்குள் சிவப்புத் திரும்புகிறதா என்று பார்த்து, சிறுநீரை அளந்து, குருதிச் செறிவைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்து, டொக்டரை உடனே அழைத்து, சேலைனை அவர் சொல்லும் அளவுக்கு மேலும் கீழும் போகாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். கசிவு நின்றபின் அதே திரவம் குழாய்களுக்குத் திரும்புமாதலால், அன்பினால் அதிகமாக ஊற்றிய சேலைனும் நுரையீரலை நிரப்பிக் கொல்லும். 2017-இல் இலங்கையில் 1,86,000-க்கு மேற்பட்டோர் டெங்கினால் பீடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று; அந்த வருஷத்தில் எந்த வாட்டிலே கடமை பார்த்தவருக்கும் இந்தக் கழித்தற் கணக்கு கைப்பழக்கமாகிவிட்டது. பழக்கம் வருவதற்குள் எத்தனை பிள்ளைகளை இழக்கவேண்டும் என்ற கேள்விக்குத்தான் பரீட்சைப் பயிற்சி பதிலாகிறது.

பிள்ளைகள் சில சூத்திரங்களை மந்திரம்போல வைத்திருக்கிறார்கள். காற்றுவழி, சுவாசம், குருதிச் சுற்றோட்டம் என்ற வரிசை ஒன்று. செயற்படுமுன் பரிசோதி என்பது மற்றொன்று. இரண்டும் உத்தமமான விதிகளே. ஆனால் சோற்றுக்கவளம் தொண்டையில் சிக்கி நீலம் பாரித்து நிற்கிறவரை முதலில் பரிசோதிப்பேன் என்று எழுதியவளையும், இதோ மூச்சு நன்றாக இருக்கிறதே என்று டெங்குப் பையனைக் கடைசியில் வைத்தவளையும் நான் கண்டிருக்கிறேன். பரிசோதனை முடிந்துவிட்டது என்று வினாவே சொல்லும் இடத்தில் கையை நீட்டவேண்டும். வினா ஒரு குறியை மாத்திரம் காட்டி மறைத்திருக்கும் இடத்தில் இன்னும் பார்க்கவேண்டும். எது எந்த இடம் என்று பிரித்தறிவதற்குப் பெயர்தான் விவேகம். அதற்குச் சூத்திரம் இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் கொடுக்கும் வினா பாம்புக்கடி பற்றியது. புத்தகங்களில் உள்ள வினாக்களிலே பனியில் விறைத்தவரும் பனிச்சறுக்கில் கால் முறிந்தவரும் வருகிறார்கள். காலபோக வயலுக்கு இரவுக் காவல் போய்க் கொட்டிலின் நிலத்தில் பாய் விரித்துப் படுத்த கமக்காரர் வருவதில்லை. என் வினாவில் அவர்தான் நோயாளி. அவருடைய மனைவி சொல்கிறாள்: “மிஸ்ஸி, இவர் காவலுக்குப் போய்க் கொட்டிலுக்கை படுத்தவர். விடியப்புறம் வயிறு நோகுது எண்டு எழும்பிச் சத்தி எடுத்தவர். பாம்பு பூச்சி ஒண்டும் காணேல்லை. இப்ப கண்ணைத் திறக்கப் பஞ்சியாக் கிடக்கு எண்டு சொல்லுறார்.” உடம்பில் கடிவாய் தெரியவில்லை, வீக்கம் இல்லை. சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது குருதி எடுத்து இருபது நிமிஷம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்த்தார்கள், நன்றாக உறைந்திருந்தது.

குருதி உறைந்தது என்ற வரியைக் கண்டவுடன், பாம்பு கடிக்கவில்லை, வயிற்றுநோவுக்கு மருந்து கொடுத்து இருத்திவைக்கலாம் என்று பலர் விடை எழுதுகிறார்கள். அந்தச் சோதனை புடையன் கடித்ததைக் காட்டிக்கொடுக்கும். புடையனின் விஷம் குருதியின் உறைதலைக் கெடுப்பது. கட்டுவிரியனின் விஷமோ நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குவது. அது நித்திரையில் இருப்பவரை நோவே தெரியாமல் கடித்துவிட்டுப் போகும். கடிவாய் தேடினாலும் பலவேளைகளில் அகப்படாது. நிலத்தில் படுத்தவர், விடியற்புறத்து வயிற்றுநோவு, திறக்கப் பஞ்சிப்படும் கண் ஆகிய மூன்றும் சேர்ந்தால், வேறொன்று நிரூபிக்கப்படும் வரையில் அது கட்டுவிரியன் என்றே கொள்ளவேண்டும். அந்த நிமிஷத்திலிருந்து தாதியின் கண் அவருடைய இமைகளை விட்டு அகலக்கூடாது. மேலே பார்க்கச் சொல். பார்வையை எவ்வளவு நேரம் நிறுத்துகிறார் என்று கவனி. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல். எத்தனை வரை போகிறார் என்று குறித்துவைத்து, சிறிது நேரம் கழித்து மறுபடியும் எண்ணச் சொல். எண்ணிக்கை குறைந்துகொண்டு வருமானால், சுவாசத் தசைகள் தளர்கின்றன. எச்சிலை விழுங்க முடியாதவருக்கு வாயால் ஒன்றும் கொடாதே. சிறிய வைத்தியசாலையாயின், செயற்கைச் சுவாசக் கருவி இருக்கும் இடத்துக்கு, மூச்சு நிற்குமுன், மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்பி ஏற்றிவிட ஏற்பாடு செய்.

இந்த வினாவின் இறுதிப் படியை எழுதும்போது என் மனம் எப்போதும் கனக்கும். கருவியில் இணைக்கப்பட்டவருடைய கை கால் அசையாது, இமை திறவாது, கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் இருக்கலாம். மூளை இறந்தவருடைய லட்சணங்கள் எல்லாம் அங்கே தென்படும். ஆனால் அவர் கேட்டுக்கொண்டும் உணர்ந்துகொண்டும் படுத்திருக்கக்கூடும். நாட்கள் சென்றபின் கருவியிலிருந்து விடுபட்டு, தம் கட்டிலருகே யார் என்ன பேசினார்கள் என்று திருப்பிச் சொன்ன நோயாளரை நான் உபசரித்திருக்கிறேன். ஆகவே, “இப்போது இவருக்குச் செய்யவேண்டிய தாதியம் யாது?” என்று கேட்டு, கண்ணுக்கு ஈரம் காத்தல், உடம்பைப் புரட்டிவிடுதல், தொண்டைச் சளியை உறிஞ்சுதல் என்பவற்றோடு, அவருடைய பெயரைச் சொல்லி அழைத்து, செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லுதல் என்பதையும் எழுதியவளுக்கே நான் முழுப் புள்ளி இடுவேன்.

2009-ஆம் ஆண்டின் முற்பகுதியில், வன்னியின் இறுதி யுத்தத்திலிருந்து கொண்டுவரப்பட்ட காயக்காரரால் வவுனியா வைத்தியசாலை நிறைந்து, கட்டில் போதாமல் தரையிலும் விறாந்தைகளிலும் மனிதர் கிடந்த நாட்களில், முதலில் யாரிடம் போவாய் என்ற வினா தாளிலிருந்து எழுந்து எங்கள் முன்னால் வந்து நின்றது. நெப்போலியனின் படையில் சத்திரவைத்தியராயிருந்த லறே என்பவர், பதவியையும் அந்தஸ்தையும் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே முறை வைக்கவேண்டும் என்று விதித்ததாகச் சரித்திரத்தில் படித்திருந்தோம். அங்கே அதன் பொருளை அறிந்தோம். கத்துகிறவரைத் தாண்டி, முனகுகிறவரையும் தாண்டி, சத்தமே இல்லாமல் சுவரோடு சாய்ந்திருந்தவரின் மணிக்கட்டைத் தொடுவதற்கு மனத்திடம் வேண்டும். தாண்டிப் போகும்போது காலைப் பிடித்துக் கெஞ்சுகிறவர் நம்முடைய சனம், நம்முடைய பாஷை பேசுகிறவர் என்னும்போது அந்தத் திடம் இன்னும் அதிகமாக வேண்டும். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குச் சக்தி இல்லை.

சுவாசத்தை எண்ணுதல் என்ற சிறு காரியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். உடம்பு கெடத் தொடங்குகையில் அமுக்கத்துக்கும் நாடிக்கும் முன்பே பலவேளைகளில் சுவாசத்தின் வேகந்தான் மாறுகிறது. அப்படியிருந்தும், ஒரு வைத்தியசாலையில், வாட்டு முழுவதற்குமான அட்டவணையில் எல்லாக் கட்டிலுக்கும் எல்லா வேளைக்கும் இருபது, இருபது, இருபது என்று எழுதப்பட்டிருந்ததை நான் பார்த்தேன். நோயாளரும் இளையோரும் முதியோரும் ஒரே தாளத்தில் மூச்சுவிடுவது உலகில் நடவாத காரியம். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிக்கொள்வார். ஆதலால் நாடியை எண்ணி முடித்தபின்பும் மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி, பார்வையை மாத்திரம் நெஞ்சுக்கு நகர்த்தி, ஒரு முழு நிமிஷம் எண்ணவேண்டும். என் விறாந்தையில் பயிலும் பிள்ளைகள் ஒருவரையொருவர் இவ்விதம் எண்ணிப் பழகுகிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் முகத்தின் நிறம், உதட்டின் வறட்சி, கழுத்துத் தசையின் இழுப்பு என்று எவ்வளவோ கண்ணில் படுகின்றன.

டொக்டருக்கு அறிவித்தல் என்ற விடையும் அப்படியே மேலோட்டமாக எழுதப்படுகிறது. அது சரியான விடையாக வரும் வினாக்கள் உண்டு; ஆனால் என்ன சொல்லி அறிவிப்பாய் என்று கேட்டால் பிள்ளைகள் திகைப்பார்கள். அதிகாலையில் நித்திரையிலிருந்து எழுப்பப்பட்ட ஒருவரிடம், “சேர், நாலாங் கட்டில் பையனுக்குச் சரியில்லை” என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? யார், எந்த வாட்டு, என்ன நேர்ந்தது என்று ஆரம்பித்து, நோயின் முன்கதையை ஒரு வரியில் கூறி, அளந்த எண்களைக் கூறி, இது கசிவின் அதிர்ச்சி என்று நான் அஞ்சுகிறேன், நீங்கள் இப்பொழுதே வந்து பார்க்கவேண்டும் என்று முடிக்கவேண்டும். “நான் அஞ்சுகிறேன்” என்று சொல்வதற்கு எங்கள் பெண்பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். டொக்டருக்குச் சொல்லிக்கொடுக்க நான் யார் என்ற எண்ணம் அது. இந்தக் கூச்சத்தைப் போக்கவேண்டியதும் உபாத்தியாயரின் கடமையே. ஆகையால் அந்தப் பகுதியை எழுதவிடாமல் வாய்விட்டுச் சொல்லவைத்து, சொல்லிச் சொல்லிக் குரல் நடுங்காமல் வரும்வரை பயிற்றுகிறேன்.

1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணாக்கருக்கு வைத்தியம் கற்பித்தார். அத்தகைய முன்னோடியைப் பெற்ற நாட்டிலே, எங்கள் பிள்ளைகள் பயில்வதற்கு எங்கள் நோயாளரைப் பற்றிய வினாக்கள் ஒரு சிறு புத்தக அளவுக்கேனும் இல்லாதிருப்பது பெருங்குறை. வயலில் சேற்றுத் தண்ணீரில் நின்று எலிக்காய்ச்சல் கண்டு, கெண்டைக்கால் நோவோடும் சிவந்த கண்ணோடும் வந்து, சிறுநீர் குறைந்துகொண்டே போகும் கமக்காரரைப் பற்றி யார் வினா எழுதுவது? வெயிலில் மேற்சட்டையில்லாமல் பூச்சிமருந்து அடித்து, வியர்த்துக் கொட்டிக் கண்மணி சுருங்கி வாயில் நுரை தள்ளி வருகிற இளைஞனைப் பற்றி யார் எழுதுவது? வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வாட்டுகளில் இன்றும் நிற்கிற மூத்த தாதியரே, உங்களிடந்தான் நான் கேட்கிறேன். உங்கள் கையால் உபசரித்த நோயாளர்களுள் உங்களை ஒரு க்ஷணம் நிறுத்தி யோசிக்கவைத்த ஒருவரைத் தேர்ந்து, பெயரையும் ஊரையும் திகதியையும் அடையாளம் காட்டும் யாவற்றையும் நீக்கிவிட்டு, கண்ட குறிகளைக் கண்ட வரிசையிலேயே ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். செய்ததையும், செய்ததற்கான காரணத்தையும் மறுபக்கத்தில் எழுதுங்கள். அதை உங்களுக்கு அண்மையிலுள்ள தாதியர் கல்லூரியின் உபாத்தியாயரிடம் கொடுங்கள்.